குழைந்த சத்தம்

ஷாகிர் பாட்டின் நடுவிலேயே வாசிப்பதை நிறுத்திவிட்டான். பேஸ் கிடாரின் தடித்த தந்திகளை உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான். கண்ணை மூடிக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்த வசந்தகுமாருக்கு அது உடனே தெரியவில்லை. திலகவதி டிரம்ஸை நிறுத்திய பிறகுதான் கிடாரிலிருந்து கையை எடுத்தான்.

"இன்னா ஆச்சு?"

"நான் வாசிக்கிறது எனக்கே கேக்கல மச்சான்" என்றான் ஷாகிர். "எந்த எடத்துல இருக்கேன்னே தெர்ல."

"கேக்குதே. நல்லா கனமா கேக்குது."

"கனம் இருக்குது. ஆனா ஒரு சுரம் எங்க முடியுது, அடுத்தது எங்க ஆரம்பிக்குதுன்னு புரியல. சோறு கொழைஞ்ச மாதிரி எல்லாம் ஒண்ணா ஒட்டிக்கினு இருக்குது."

வசந்தகுமார் தன் ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தான். திலகவதி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஷாகிர் திரும்பி வந்ததிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இதே இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள்.

மூன்று பேரும் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் வெவ்வேறு கம்பெனிகளில் வேலை செய்கிறவர்கள். வசந்தகுமார் இரும்புக் கம்பி ஆலையில் எலக்ட்ரிகல் மெயின்டெனன்ஸ். திலகவதி வயர் தயாரிக்கும் கம்பெனியில் தரம் பார்ப்பவள். மற்ற இருவரையும்விட இரண்டு வயது பெரியவள் என்பதால் அவர்களுக்கு அக்கா. ஷாகிர், வண்டிகளுக்குத் தகடு அடித்துக் கொடுக்கும் பிரஸ் ஷாப்பில் இருந்தான். வேலைக்குப் போகும் ரயிலில் பழக்கமாகி, தாங்களே எழுதி மெட்டுப் போட்ட பாட்டுகளை வாசிக்க ஆரம்பித்து நான்கைந்து வருஷமாகிறது. கவரைப்பேட்டையில் திலகவதியின் அப்பா ராஜமாணிக்கத்துக்கு வயலை ஒட்டி ஒரு நெல் கிடங்கு உண்டு. ஞாயிறு மத்தியானம் அது இவர்களுடையது.

அவர்களுடைய பாட்டு சாதுவான பாட்டு இல்லை. வசந்தகுமாரின் கிடார் சத்தத்தை ஆம்ப் வேண்டுமென்றே உடைத்து, உறுமலாக்கி வெளியே அனுப்பும். அந்த உறுமலுக்குக் கீழே ஷாகிரின் பேஸ் ஓடும். திலகவதி இரண்டையும் கட்டி இழுத்துக்கொண்டு போவாள்.

போன வருஷம் மழைக்காலத்துக்கு முன்னால் பிரஸ் மிஷினில் ஷாகிரின் இடது கை மாட்டிக்கொண்டது. மோதிர விரலின் மேல் கணு போய்விட்டது. ஆஸ்பத்திரி, தையல், புண் ஆறாமல் இன்னொரு தையல் என்று மாதங்கள் போயின. கம்பெனியில் அவனை ஸ்டோர்ஸ் பிரிவுக்கு மாற்றினார்கள். அவன் இல்லாத நாட்களில் வசந்தகுமாரும் திலகவதியும் இருவராகவே வாசித்தார்கள். அப்போது யாரோ எடுத்துப் போட்ட ஒரு வீடியோவை ஊரே பார்த்தது. கிடாரும் டிரம்ஸும் மட்டும் வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய சத்தமா என்று எழுதினார்கள்.

ஷாகிர் வீட்டில் உட்கார்ந்து புதிதாக விரல் பழகினான். மோதிர விரல் செய்த வேலையை நடுவிரலுக்கும் சுண்டு விரலுக்கும் பிரித்துக் கொடுத்தான். எட்டாத இடங்களுக்குத் தந்தியின் மேல் விரலைச் சறுக்கிக்கொண்டு போகக் கற்றான். முதலில் கை வலித்தது, பிறகு வலி பழகிவிட்டது. பாட்டுகளை முழுதாக வாசிக்க முடிகிறது என்று நம்பிக்கை வந்த பிறகுதான் கிடங்குக்குப் போனான். போன முதல் நாளிலிருந்தே சத்தம் குழைந்துவிட்டது.

"கெடங்குதான் காரணமோ இன்னாவோ" என்றாள் திலகவதி. "மூட்டைங்க இருந்தப்போ இவ்ளோ அதிராது. இப்ப மொத்தமும் வித்துட்டு வெறும் செவுரா கெடக்குது."

அது சரியாகத்தான் பட்டது. மூவரும் வைக்கோலைக் கோணிகளில் திணித்து மூலைகளில் அடுக்கினார்கள். ராஜமாணிக்கம் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "மாட்டுக்கு வச்சிருந்தத எடுத்து பாட்டுக்குப் போட்டாச்சா?" என்றார்.

"சாயங்காலம் திருப்பிக் குடுத்துடறோம் நைனா" என்றாள் திலகவதி.

மறுபடி வாசித்தார்கள். சுவர் அதிர்வது குறைந்தது. ஆனால் கிடாரின் தடித்த தந்தியை வசந்தகுமார் அடிக்கும்போதெல்லாம் அடியில் அந்தக் குழைவு அப்படியே எழுந்தது. அவன் ஆம்பில் தடித்த சத்தத்துக்கென்று இருக்கும் பேஸ் குமிழைப் பாதிக்குக் கீழே திருகினான். சத்தம் ஒல்லியானது. ஒல்லியாகியும் தெளியவில்லை. தண்ணி ஊற்றிய கஞ்சி மாதிரி ஆனது, அவ்வளவுதான்.

"ஆம்ப் இல்ல, ரூமும் இல்ல" என்றான் ஷாகிர். பிறகு தன் இடது கையைப் பார்த்தான்.

வீட்டுக்கு வந்தவன் கிடாரை உறையிலிருந்து எடுக்காமல் சுவரில் சாய்த்து வைத்தான். அவன் மனைவி சிஃபா கும்மிடிப்பூண்டியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவள். அன்று அவளுக்கு விடுமுறை. அவன் முகத்தைப் பார்த்துவிட்டு டீ போட்டு எடுத்து வந்தாள்.

"வாப்பா போன் பண்ணினாங்க" என்றாள். ஷாகிரின் தந்தை மொய்னுதீனுக்குப் பழவேற்காட்டில் கருவாட்டு மண்டி. விரல் போனதிலிருந்தே, ஊருக்கு வந்து மண்டியில் உட்காரச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"இன்னா சொன்னாங்க?"

"எப்பவும் சொல்றதுதான். மிஷின்ல கைய குடுத்தது போதும், தராசு புடிக்க வான்னாங்க."

ஷாகிர் டீயைக் குடித்தான். "போயிடலாம்னு தோணுது" என்றான்.

சிஃபா அவன் எதிரில் உட்கார்ந்தாள். "வேலைய விட்டா, பாட்டை விட்டா?"

"பாட்டை விட்டுட்டா அப்பறம் இங்க இன்னா இருக்குது? நான் வந்ததுலருந்து அவங்க சத்தமே கெட்டுப் போச்சு சிஃபா. ரெண்டு பேரா வாசிச்சப்ப எவ்ளோ நல்லா இருந்துச்சு, நீயும் வீடியோல பாத்தியே. நான் உள்ள பூந்தா எல்லாம் கொழைஞ்சிடுது. விரல் தந்திய ஒழுங்கா அமுக்கல போல. வாய்விட்டுச் சொல்லாம இருக்காங்க, அவ்ளோதான்."

"இப்ப வாசிங்க."

"இன்னாத்துக்கு?"

"வாசிங்களேன். கேக்கறேன்."

அவன் மனமில்லாமல் கிடாரை எடுத்தான். ஆம்ப் எதிலும் மாட்டவில்லை. வெறும் தந்தியின் மெல்லிய சத்தம்தான். ரயிலைப் பற்றி அவர்கள் கட்டிய பாட்டின் பேஸை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தான். சிஃபா கண்ணை அவன் விரல்களில் வைக்காமல் சன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து கேட்டாள்.

"ஒவ்வொண்ணும் தனித்தனியா கேக்குது" என்றாள். "சறுக்கிக்கினு போற எடம் புதுசு. அது முன்னாடி இல்ல. எனக்குப் புடிச்சிருக்குது."

"தனியா வாசிச்சா கேக்கும்."

"அப்ப சேந்து வாசிக்கும்போது இன்னா நடக்குதுன்னு பாருங்க. கையப் பத்தி அப்பறம் முடிவு பண்ணலாம். எங்க லேப்ல ஒரு ரிசல்ட் தப்பா வந்தா, ரத்தம் குடுத்தவனையா முதல்ல குத்தம் சொல்லுவோம்?"

அவனுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் அடுத்த ஞாயிறு விலகிக்கொள்வதாகச் சொல்லிவிடத்தான் கவரைப்பேட்டைக்குப் போனான். இன்னும் இரண்டு வாரத்தில் சிப்காட் தொழிலாளர் சங்கத்தின் குடும்ப விழா. ஒரு கல்யாண மண்டபத்தில் இவர்கள் வாசிப்பதாக ஏற்பாடு. அதற்குள் சொல்லிவிட்டால் அவர்கள் பழையபடி இருவராக வாசித்துக்கொள்ளலாம்.

அவன் சொன்னதைத் திலகவதி டிரம்ஸ் தோலை இறுக்கிக்கொண்டே கேட்டாள். முழுதும் கேட்டுவிட்டு, "சரி" என்றாள். "போறதுன்னா போ. ஆனா இன்னிக்கு நான் சொல்றத ஒண்ணு செஞ்சிட்டுப் போ. ரெண்டு பேரும் தனித்தனியா வாசிங்க, போன்ல புடிக்கிறேன். அப்பறம் சேந்து வாசிங்க. கேட்டுட்டுப் பேசலாம். எதையும் டெஸ்ட் பண்ணாம ரிஜெக்ட் பண்ற வேலைய நான் செய்யறது இல்ல."

முதலில் ஷாகிர் வாசித்தான். அடுத்து அதே பகுதியை வசந்தகுமார் வாசித்தான். கடைசியில் இருவரும் சேர்ந்து. பிறகு மூவரும் வாசலுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் நின்று கேட்டார்கள். திலகவதியின் போன் சின்னது என்பதால் அவள் தம்பியின் ஸ்பீக்கரை எடுத்து வந்து அதில் போட்டாள்.

ஷாகிரின் பேஸ் சுத்தமாக இருந்தது. அதைக் கேட்டபோது அவனுக்கே நம்ப முடியவில்லை. வசந்தகுமாரின் கிடார் தனியாக வந்தபோது அந்தச் சின்ன ஸ்பீக்கர்கூட அதிர்ந்தது. அகலமான, தரையைத் தொடுகிற சத்தம். கேட்டால் யாருக்கும் பிடிக்கும். மூன்றாவதாக, சேர்ந்து வாசித்தது வந்தது. வசந்தகுமார் மேல் தந்திகளில் இருந்தவரை ஷாகிரின் பேஸ் கேட்டது. தடித்த தந்திக்கு இறங்கியவுடன் ஷாகிர் காணாமல் போனான். மேலே ஏறியதும் திரும்பி வந்தான்.

"இன்னொரு தபா போடு" என்றான் ஷாகிர்.

இரண்டாவது முறையும் அதேதான்.

"எங்கிட்ட தப்பு இல்ல" என்றான் ஷாகிர் மெதுவாக, தனக்குத்தானே சொல்வது போல.

"எங்கிட்டயும் தப்பு இல்லியே" என்றான் வசந்தகுமார். அவன் குரல் கொஞ்சம் ஏறியிருந்தது. "தனியா கேளு, எவ்ளோ நல்லா இருக்குது. இந்த சத்தத்துக்குத்தான் நம்மள கூப்புடறாங்க. அந்த வீடியோ பாத்துட்டுத்தான் சங்கத்துல கூப்புட்டாங்க. இத்த மாத்த முடியாது."

"மாத்துன்னு யாரும் சொல்லலடா" என்றாள் திலகவதி. "ரெண்டு பேரும் நல்லவங்கதான். ஒரே ரூம்ல குடித்தனம் பண்ணத் தெர்ல."

ஷாகிர் அதற்குள் உள்ளே போயிருந்தான். அவனுடைய பையில் ஒரு சின்ன ஈக்வலைசர் பெட்டி உண்டு. தடித்த சத்தம், நடுச்சத்தம், மெல்லிய சத்தம் ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஏற்றி இறக்க அதில் சின்னச் சின்னச் சறுக்குக் குமிழ்கள் இருக்கும். பேஸுக்காக வாங்கியது. அதை எடுத்து வசந்தகுமாரின் கிடாருக்கும் ஆம்புக்கும் நடுவில் மாட்டினான்.

"போன வாரம் நீ ஆம்ப்லயே பேஸ கொறச்ச" என்றான். "அது உடைஞ்சி முடிஞ்ச சத்தத்த கொறைக்கிறது. உடையறதுக்கு முன்னாடியே கொறச்சா இன்னா ஆவுதுன்னு பாக்கலாமே."

தடித்த சத்தத்துக்கான குமிழைக் கீழே இறக்கினான். வசந்தகுமார் விருப்பமில்லாமல் கிடாரை மாட்டிக்கொண்டு தடித்த தந்தியை உள்ளங்கையால் அமுக்கி அடித்தான்.

இதுவரை பொம்மென்று பரவிக்கொண்டிருந்த அடி, கல்லில் உளி விழுந்தது போல டக்கென்று விழுந்து நின்றது. அடுத்த அடியும் அப்படியே. நடுவில் இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியில் மரத்தில் காக்கை கத்துவதுகூடக் கேட்டது.

திலகவதி சிரித்துவிட்டாள். "இத்தினி நாளா வெந்த சோத்துல கல்லு பொறுக்கிக்கினு இருந்திருக்கோம். அரிசியிலயே பொறுக்கி இருக்கணும்."

ஷாகிர் பேஸை மாட்டிக்கொண்டு கூடச் சேர்ந்தான். கிடார் தடித்த தந்திக்கு இறங்கியது. இந்த முறை ஷாகிர் காணாமல் போகவில்லை. ஒவ்வொரு சுரமும் தன் காலில் நின்றது. விரல் சறுக்கும் இடம்கூடக் கேட்டது. அவன் சந்தோஷத்தில் தலையைத் தூக்கி வசந்தகுமாரைப் பார்த்தான்.

வசந்தகுமார் வாசிப்பதை நிறுத்திவிட்டு ஆம்பின் சுவிட்சை அணைத்தான். அதன் பக்கத்திலேயே, ஒரு மரப்பெட்டி மேல் உட்கார்ந்தான்.

"இந்த ஆம்ப் முன்னாடி இப்டி கொழையாது" என்றான். "நான்தான் மாத்தினேன்."

அந்த ஆம்பை அவனேதான் கட்டியிருந்தான். பழைய ரேடியோ வால்வுகள் வைத்து, டிரான்ஸ்ஃபார்மரைத் தனியாகச் சுற்ற வைத்து, ஆறு மாதம் உட்கார்ந்து செய்தது. உள்ளே ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குச் சத்தம் போகிற வழியில் ஒரு கண்டன்சர் இருக்கும். அது வாசல் மாதிரி. சின்னதாக இருந்தால் தடித்த சத்தம் அளவாகத்தான் உள்ளே வரும். பெரிதாகப் போட்டால் எல்லாம் வரும்.

"பெரிய கண்டன்சர் போட்டேன்" என்றான். "சத்தத்த உடைக்கிற கெயினையும் ஏத்தி வச்சேன். கீழ வெறிச்சோடிக் கெடந்துச்சு. ரெண்டு பேரா வாசிக்கும்போது அடியில யாருமே இல்லாத மாதிரி இருந்துச்சு. அத்த ரொப்பணும்னு தோணிச்சு."

"எப்ப போட்ட?" என்று கேட்டான் ஷாகிர்.

வசந்தகுமார் தயங்கினான். "உனக்கு ரெண்டாவது தையல் போட்டாங்கல்ல. ஆஸ்பத்திரில வந்து பாத்துட்டுப் போனேன். அந்த வாரம்."

ஷாகிர் பேஸைக் கழற்றிக் கீழே வைத்தான். வெளியே போனான். வரப்பு ஓரமாகக் கொஞ்ச தூரம் நடந்தான். அறுத்த வயலில் தாள் மட்டும் நின்றது. தூரத்தில் ஒரு சரக்கு ரயில் போய்க்கொண்டிருந்தது. பின்னால் வசந்தகுமார் வந்து நிற்பது தெரிந்தது. அவன் திரும்பவில்லை.

"நான் இனிமே வரமாட்டேன்னு முடிவு பண்ணிட்ட" என்றான் ஷாகிர்.

"ஆமா."

பொய் சொல்லுவான் என்று ஷாகிர் எதிர்பார்த்தான். சொல்லவில்லை.

"உன் கையில கட்டு போட்டிருந்தாங்க. நீ என்னப் பாக்கல, செவுத்தையே பாத்துக்கினு இருந்த" என்றான் வசந்தகுமார். "எங்க மில்லுல அடிபட்டவங்கள நான் பாத்திருக்கேன் மச்சான். அதுக்கப்பறம் அவங்க எதுக்கும் திரும்பி வர்றதே இல்ல. நீயும் அப்டின்னு நெனச்சிட்டேன். நெனச்சத உங்கிட்ட சொல்லவும் தைரியம் இல்ல. நீ திரும்பி வந்தப்ப, நல்லதா போச்சுன்னு இருந்துச்சே ஒழிய, உனக்கு வச்சிருந்த எடத்துல நான் உக்காந்துக்கினு இருக்கேன்னு புத்திக்கு எட்டல. இப்பத்தான் எட்டுது."

சரக்கு ரயில் முடிவில்லாமல் போய்க்கொண்டே இருந்தது. ஷாகிருக்கு முதலில் கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக் கட்டிலை நினைத்துப் பார்த்தபோது, சுவரைப் பார்த்துக்கொண்டு தான் என்ன நினைத்தோம் என்பதும் சேர்ந்தே ஞாபகம் வந்தது.

"நானும் அப்டித்தான் நெனச்சேன்" என்றான். "கிடார வித்துடச் சொல்லி சிஃபாகிட்ட சொன்னேன். அவ கேக்கல."

"மன்னிச்சிடுடா."

"நீ எனக்கு பதிலா வேற ஆள வைக்கலியே. ஆம்ப்பைத்தான வச்ச." ஷாகிர் திரும்பினான். "வா, அந்தக் கண்டன்சர தூக்கிடலாம்."

வசந்தகுமார் பிளக்கைப் பிடுங்கினான். அணைத்த பிறகும் வால்வு ஆம்புக்குள் உயிரை எடுக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும். அதை வடிய விட்டு, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே ஆம்பின் உள்பகுதியில் கை வைத்தான். திலகவதி டார்ச் பிடித்தாள். ராஜமாணிக்கம் ஒரு சொம்பில் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, இது பாட்டு ரூமா ரிப்பேர் கடையா என்று யாரிடமும் கேட்காமல் போனார்.

முதலில், எதற்கும் இருக்கட்டும் என்று மிகச் சின்ன கண்டன்சரை வைத்துப் பற்றவைத்தான். மூடி, மாட்டி, வாசித்தால் கிடார் கொசு மாதிரி கத்தியது. திலகவதி காதைப் பொத்திக்கொண்டாள். மறுபடி அணைத்து, வடிய விட்டு, திறந்து, ஆம்பில் முதன்முதலில் இருந்த பழையதைத் தேடி எடுத்து வைத்தான். அது பரவாயில்லை. ஆனாலும் கடைசித் தந்தியில் கொஞ்சம் தொளதொளப்பு இருந்தது.

"கெயின எறக்கு" என்றான் ஷாகிர்.

"எறக்கினா உறுமல் போயிடுமே."

"எறக்கித்தான் பாரேன்."

இறக்கினான். உறுமல் போகவில்லை. முன்னால் தந்தியைத் தொட்டாலே உறுமியது, இப்போது அடித்தால்தான் உறுமியது. அதனால் அடிக்கு ஒரு பலம் வந்தது. பழையதைவிட ஒரு படி சின்ன கண்டன்சரை வைத்தபோது கடைசித் தந்தியும் இறுகியது. பிறகு, போன வாரம் பயந்து பயந்து குறைத்த அந்த பேஸ் குமிழை வசந்தகுமார் தைரியமாக ஏற்றினான். கனம் திரும்பி வந்தது. குழையவில்லை.

மூவரும் ரயில் பாட்டை முதலிலிருந்து வாசித்தார்கள். முடிந்ததும் திலகவதி, "விலகறேன்னு ஒருத்தன் மத்தியானம் வந்தானே, அவன் எங்க?" என்று கேட்டாள்.

"பஸ் ஏறிப் போயிட்டான்க்கா" என்றான் ஷாகிர்.

விழா அன்று மண்டபம் நிறைந்திருந்தது. பிள்ளைகள் நாற்காலிகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டுக் கூடத்திலிருந்து பிரியாணி வாசனை வந்தது. வசந்தகுமார் மேடையில் கிடாரை மட்டும் வாசித்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, சங்கத்துச் செயலாளர் தணிகைவேல் கீழே நின்று கேட்டுவிட்டு முகம் சுளித்தார்.

"இன்னா தம்பி, வீடியோல தொம்முனு நெஞ்சுல இடிச்சிதே, அந்த சத்தம் எங்க? இது ஒல்லியா இருக்குதே."

வசந்தகுமாரின் கை தானாகவே கெயின் குமிழுக்குப் போனது. மண்டபம் பெரிது. முன்னால் அத்தனை பேர். தனியாகக் கேட்டால் தன் சத்தம் இளைத்துத்தான் தெரிகிறது என்று அவனுக்கும் தெரியும். திலகவதி டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வசந்தகுமார் கையை எடுத்துக்கொண்டான்.

"இன்னும் ஒருத்தர் வாசிக்கல சார். இப்ப கேளுங்க" என்றான். ஷாகிரைப் பார்த்துத் தலையசைத்தான்.

இருவரும் சேர்ந்து நாலு அடி வாசித்தார்கள். தணிகைவேல் ஒரு அடி பின்னால் நகர்ந்து நின்றார். "ஓ" என்றார். பிறகு பிரியாணியைப் பார்க்கப் போய்விட்டார்.

பாட்டு ஆரம்பித்தது. முதல் இரண்டு பாட்டிலும் ஷாகிர் விரல்களையே பார்த்துக்கொண்டு வாசித்தான். மூன்றாவது, ரயில் பாட்டு. அதில் பாதி வழியில் கிடார் நின்றுவிடும், டிரம்ஸும் பேஸும் மட்டும் போகும். அந்த இடம் வந்தபோது அவன் தலை நிமிர்ந்தது. முன் வரிசையில் ஒரு பெரியவர் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகள் மேடைக்குக் கீழே வந்து, ஸ்பீக்கர் பெட்டிகளின் மேல் உள்ளங்கையை வைத்து அதிர்வைப் பிடித்துப் பார்த்தார்கள். ஷாகிர் அந்த இடத்தை வழக்கத்தைவிட ஒரு சுற்று நீட்டினான். சொல்லிவைத்தது இல்லை. திலகவதி புரிந்துகொண்டு கூடவே வந்தாள். வசந்தகுமார் கையைக் கட்டிக்கொண்டு நின்று, தன் முறை வரும்வரை அவன் வாசிப்பதைக் கேட்டான். பிறகு கிடார் உள்ளே வந்தபோது மண்டபம் சத்தம் போட்டது.

முடிந்ததும் ஷாகிர் பக்கவாசல் வழியாக இறங்கினான். சிஃபா நின்றிருந்தாள். அவள் பக்கத்தில், வெள்ளைச் சட்டையும் தோளில் துண்டுமாக மொய்னுதீன். அவர் வருவார் என்று அவனுக்குத் தெரியாது.

"வாப்பா, எப்ப வந்தீங்க?"

"நீங்க ஆரம்பிக்கும்போதே வந்துட்டோம். சிஃபா போன் பண்ணி வரச் சொன்னிச்சு." அவர் மகனின் இடது கையை எடுத்து, வெட்டுப்பட்ட விரலின் நுனியைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தார். பக்கத்து விரல்களில் தோல் காய்த்துப் போயிருந்தது. "எல்லாம் ஒரே எரைச்சல். எனக்கு இதெல்லாம் வெளங்காது. நடுவுல அந்தப் பையன் நிறுத்திட்டானே, அப்ப நாற்காலியில ஒண்ணு ஓடிக்கினு இருந்துச்சு. முதுகுல ஏறுச்சு. அது நீதானே?"

"நான்தான் வாப்பா."

மொய்னுதீன் கையை விட்டார். கொஞ்ச நேரம் மேடையைப் பார்த்தார். வசந்தகுமார் அங்கே வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"மண்டிக்கு ஒரு ஆள் பாத்துக்கறேன்" என்றார். "உங்க மாமாவோட பையன் சும்மாத்தான் திரியறான்." பிறகு, "அடுத்தது எப்போ?" என்று கேட்டார்.

"இன்னும் தெரியல வாப்பா."

"முன்னாடியே சொல்லு. உம்மாவையும் கூட்டிக்கினு வரேன்."

சிஃபா அவரைச் சாப்பாட்டுக் கூடத்துக்கு அழைத்துக்கொண்டு போனாள். ஷாகிர் மேடைக்குத் திரும்பினான். ஆம்ப் கனமானது, ஒருவரால் தூக்க முடியாது. அவனும் வசந்தகுமாரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு படி இறங்கினார்கள். வெளியே வேன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு திலகவதி, பார்த்து வாங்க, பார்த்து வாங்க என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.